பில் இருந்த பணம் வந்தது, பில் இல்லாத பணம் போனது



எங்கள் ஊர் திருக்கோவிலூர். உலகத்தையே மூன்றடியால் அளந்த பெருமாள் குடியிருக்கும் ஊர். அந்த ஊரில், என் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு கொட்டகை போட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புலம்புவதற்காக எழுதவில்லை. பணம் கொடுத்து ஏமாந்தால் சட்டம் நமக்கு எங்கே கை கொடுக்கிறது, எந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணையில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் பக்கத்தையே ஒரு வழி பண்ணிவிட்டது. அந்த மழையில் எங்கள் கொல்லையில் இருந்த பழைய கூரைக் கொட்டகை அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதில்தான் என் தையல் மெஷினும், மாமியாரின் வடகம், வற்றல் டப்பாக்களும் இருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான். கொட்டகை இல்லாமல் பிழைப்பு நடக்காது. மகளிர் குழுவில் லோன் போட்டு, அடுத்த ஆவணியில் ரெடிமேடு கொட்டகை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தோம். இரும்புப் பைப்பில் சட்டம், மேலே கலர் ஷீட்.

வெளியூர்க் கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்ல வந்த விஷயம் அதுவல்ல. ஆள் வந்து அளந்தார். "அக்கா, ஷீட் அரை மில்லி கனம். பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது, நான் கேரண்டி" என்றார். வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினார். மொத்தம் 64,000 ரூபாய். "சாமானுக்கு 46,000க்கு பில் போட்டுடறேன். பிட்டிங் கூலி 18,000 கையில கொடுத்துடுங்க. அதுக்கும் பில் போட்டா வரி சேரும், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். நமக்கு நல்லதுதானே சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன். சகோதரிகளே, நான் செய்த தப்பு இதுதான்.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்ததும் சாயம் வெளுத்தது. ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடத்திலெல்லாம் தண்ணீர் கொட்டியது. ஸ்க்ரூ அடித்த இடங்களில் பாதிக்கு ரப்பர் வாஷரே இல்லை. கூரைக்குச் சரிவும் போதவில்லை. மெஷின் நனைந்தது. தைக்கக் கொடுத்திருந்த துணிகளில் துருக்கறை. அதற்கு நான் கைக்காசு போட்டு ஈடு கட்டினேன். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பி ஸ்க்ரூ கேஜ் கொண்டுவந்து அளந்து பார்த்தான். "அக்கா, இது அரை மில்லி இல்ல, 0.35தான்" என்றான்.

கடைக்குப் போன் செய்தேன். ஓர் ஆள் வந்து பசை மாதிரி ஏதோ தடவிவிட்டுப் போனார். அடுத்த மழையில் பழையபடி ஒழுகியது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. "மழை, புயலுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லைம்மா." "பில்லுக்குக் கீழே என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க." "பில் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, நீங்க யாரு கேக்கறதுக்கு?" "தையல் வியாபாரத்துக்குத்தானே வாங்கினீங்க? வியாபாரிக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது." கடைசியில், "கேஸ் போடணும்னா எங்க ஊருக்கு வந்து போடுங்க."

வீட்டில் மாமியார், "போனது போகட்டும் விடும்மா, குடும்பப் பொம்பளை கோர்ட்டு வாசல் ஏறுவாளா?" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மாதா மாதம் குழுவுக்குத் தவணை கட்டுகிறவள் நானல்லவா?

குழுவில் என்னோடு இருக்கும் ஒரு தங்கை சட்டம் படித்தவள். கடைக்காரர் சொன்ன ஒவ்வொரு பேச்சையும் அவளிடம் சொல்லி, சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றுகூட நிற்கவில்லை!

முதலில் அந்த அச்சடித்த வாசகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." நம்மில் பாதிப் பேர் இதைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறோம். 1986ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ல் புதிய சட்டம் வந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும், பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் தர வேண்டும். கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள். பில் கொடுக்காமல் இருப்பதையும் அதே பட்டியலில்தான் சேர்த்திருக்கிறார்கள். கடைக்காரர் அச்சடித்துவிட்டார் என்பதற்காகச் சட்டம் மாறிவிடுமா?

இரண்டாவது, மழை. ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயலில் கொட்டகை பறந்து போயிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐப்பசியில் மழை பெய்வது ஊர் அறிந்த சங்கதி. மழைக்காகத்தானே கூரை போடுகிறோம்? குறை என்றால் என்ன என்பதற்குச் சட்டம் சொல்லும் அளவுகோல் ரொம்ப எளிது. விற்பவர் தன் வாயால் இன்ன தரம் என்று சொன்னாரே, அந்தத் தரத்துக்குப் பொருள் குறைந்தாலும் அது குறைதான். அரை மில்லி என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என் போனில் இருந்தது. வேலையில் இருந்த குறை தனி. வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம் என்று லக்னோ வளர்ச்சிக் குழுமம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1993லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொட்டகை மட்டும் விதிவிலக்கா?

மூன்றாவது, வீட்டுக்காரர் பெயரில் பில். இது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாம் அவர் பெயரில், உழைப்பு மட்டும் நம் பெயரில்! வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்கிறது சட்டம். ஆக, பில்லில் பெயர் இல்லாத இல்லத்தரசியும் புகார் கொடுக்கலாம்.

நான்காவது, வியாபாரம் என்ற பேச்சு. இதற்குப் பதில் நம் கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலேயே இருக்கிறது. லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ், பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் 1995ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரிய அளவில் வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது. ஆனால் ஒருவர் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கி, தானே பயன்படுத்தினால் அவர் நுகர்வோர்தான். டைப்ரைட்டர் வாங்கி அடுத்தவர் வேலையை டைப் அடித்துப் பிழைக்கிறவரை அந்தத் தீர்ப்பிலேயே உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். டைப்ரைட்டருக்குச் சரியென்றால் என் தையல் கொட்டகைக்கும் சரிதானே?

ஐந்தாவது, "எங்க ஊருக்கு வாங்க." பழைய சட்டத்தில் எதிர்க்கட்சி இருக்கும் ஊரிலோ, விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். புதிய சட்டத்தில் நாம் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கம்ப்யூட்டர் வழியாகவும் பதிவு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நாமே பேசலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்ததும் எனக்கு யானை பலம் வந்தது. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஷீட்டைக் கழற்றாமல், ஒழுகுவதை அப்படியே போட்டோவும் வீடியோவும் எடுத்தேன். (கழற்றி எறிந்துவிட்டால், பிறகு பரிசோதனைக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிட்டாலும் அனுப்பப் பொருள் இருக்காது.) பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். 15 நாளில் பணம் வேண்டும் என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து நம்பர் கொடுத்தார்கள். அது கோர்ட் அல்ல, கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லி சமரசம் பார்ப்பார்கள்.

கடையிலிருந்து அதன் பிறகுதான் போன் வந்தது. "30,000 வாங்கிக்கிட்டு விட்டுடுங்க மேடம்" என்றார்கள். முன்பு அக்கா, அப்புறம் அம்மா, இப்போது மேடம்! நான் சம்மதிக்கவில்லை. ஆணையத்துக்கு எழுதி வைத்திருந்த மனுவின் நகலை அனுப்பினேன். தை மாதம் ஆட்கள் வந்து கொட்டகையைப் பிரித்து எடுத்துப் போனார்கள். பில்லில் இருந்த 46,000 ரூபாயும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

அந்த 18,000? "அப்படி ஒரு பணம் நாங்க வாங்கவே இல்லையே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு பாங்கிலிருந்து எடுத்ததற்குப் பாஸ்புக்கில் வரி இருக்கிறது. ஆனால் எடுத்ததற்குத்தான் அது சாட்சி, கொடுத்ததற்கு அல்ல. தம்பியைச் சாட்சி வைத்து ஆணையத்தில் போராடியிருக்கலாம். தவணை கழுத்தை நெரித்ததால், வந்தவரை போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18,000க்கு 18 சதவீத வரி என்றால் 3,240 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய் 18,000த்தையும் கோட்டை விட்டேன். கொட்டகை போய்விட்டது, அந்தத் தொகைக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆணையம்வரை போகாமல் நான் சமாதானமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் இடங்கள் காலியாகக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2021ல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஆணைய உத்தரவை மதிக்காதவருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று சட்டம் எழுதி என்ன பயன், உத்தரவு போட ஆள் வேண்டாமா? சின்னத் தொகைக்காக வருகிற பெண்களுக்குக் காலதாமதமும் ஒரு தண்டனைதான். அரசாங்கம் இதைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் 24ஆம் தேதி தேசிய நுகர்வோர் தினம் என்று விழா எடுப்பதோடு, மகளிர் குழுக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு மாதிரிப் புகார் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

அரசாங்கம் செய்வது செய்யட்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது "பில் கொடுங்க" என்ற இரண்டு வார்த்தையைக் கேட்க ஏனோ கூச்சப்படுகிறோம். கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்று பயம். நம்பிக்கை வேறு, ரசீது வேறு. கூலியானாலும் சரி, அட்வான்ஸ் ஆனாலும் சரி, ரொக்கமாகக் கொடுத்தால் கையோடு ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள். திருப்பிக் கேட்கும் பணம் பிச்சை அல்ல, நம் உரிமை. ஆனால் அந்த உரிமை அந்தச் சின்னச் சீட்டின் மேல்தான் நிற்கிறது.

மாமியார் இப்போது மருந்துக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது, "பில்லு எங்கேப்பா?" என்றுதான். என்ன சகோதரிகளே, 18,000 ரூபாய் செலவழித்துப் படித்த பாடம், உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டேன். சரிதானே?

— ஒரு வாசகி, திருக்கோவிலூர்