முட்டுக் கொடுக்க இடமில்லையாம்!



எங்கள் தெருமுனையில் 200 மி.மீ. குடிநீர்க் குழாய்க்கு 90 டிகிரி பெண்டு போட்டிருக்கிறார்கள். பின்னாலேயே சாக்கடை. "காங்கிரீட் முட்டுக்கு இடமில்லை சார், மண்ணே பிடிச்சுக்கும்" என்கிறார் மேஸ்திரி.

பிடிக்காது! அழுத்தம் 6 பார் என்றால் தண்ணீர் அந்த வளைவை வெளியே தள்ளும் விசை சுமார் 2.7 டன். பள்ளிக்கூடக் கணக்குதான்: அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கி, செங்கோண வளைவுக்கு இன்னொரு 1.414. ரப்பர் வளையம் கசிவைத்தான் தடுக்கும், குழாய் கழன்று வருவதை அல்ல. நேற்று தோண்டி அள்ளிப்போட்ட மண் எதைத் தாங்கும்?

இடமில்லையா? கழலாத பூட்டு ஜாயிண்ட் போடுங்கள். வளைவில் மட்டும் போதாது, இருபுறமும் சில குழாய்கள் வரை பூட்ட வேண்டும். செலவு கூடும், கூடட்டும்.

சிவில் படித்த என் பிள்ளைகளே, இப்படிப்பட்ட பில்லில் எப்படிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

திங்கட்கிழமை பள்ளத்தை மூடுகிறார்களாம். ஞாயிறு காலை மனு எழுதுகிறேன், தெருக்காரர்கள் வாருங்கள்.