முதலில் ஓடட்டும்

1960களில் தொடங்கி 1996 வரை மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை மீட்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் பெயின்டிலும் குரோமிலும் பணத்தைக் கொட்டுவது தவறு. இன்ஜினில்தான் தொடங்க வேண்டும். உடனே கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, பிஸ்டன் நகர்கிறதா என்று மெல்லப் பாருங்கள். டேங்க் துருவை நீக்குங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொண்ட கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலப்பது கட்டாயம். கிக்கரே கியர் லிவராகவும் மாறும் அந்த அமைப்பின் நுட்பம் அறிந்த பழைய மெக்கானிக்குகள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வண்டியை வெளியே எடுங்கள். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.