மகாராணியின் கருணை

மரண தண்டனை பெற்றவனுக்கு உயிர்ப்பிச்சை அளிக்கும் உரிமை, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் முடிக்கே உரியதாயிருந்தது. காலனிகளில் முடியின் பெயரால் அதைச் செலுத்தியவர் கவர்னர். இந்தக் கருணை எங்கே சென்றது, எங்கே நின்றது என்பதை நேயர்கள் இரண்டு வழக்குகளைக் கொண்டு அறியலாம்.

1965-ல் ரொடீஷியாவின் வெள்ளையர் சர்க்கார் லண்டனைக் கேளாமலே சுதந்திரப் பிரகடனம் செய்தது. பிரிட்டிஷ் சட்டப்படி அந்நாடு அப்பொழுதும் காலனியே. 1968 மார்ச்சில் த்லாமினி, ம்லாம்போ, ஷாட்ரக் என்ற மூன்று ஆப்பிரிக்கர்கள் அங்கே தூக்குக்குக் காத்திருந்தனர். லண்டன் மந்திரிகளின் யோசனைப்படி எலிஸபெத் மகாராணி தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றினார். அது செல்லாது என்றது ஸாலிஸ்பரி ஐகோர்ட். மகாராணியிடம் தங்கள் ராஜபக்தி குறையவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஸ்மித் சர்க்கார் 6-ந் தேதி மூவரையும் தூக்கிலிட்டது. உயிர்களைக் காப்பதா, ஸ்மித்துக்குத் தன் ஆதிபத்தியத்தை உணர்த்துவதா, லண்டனுக்கு எது முதன்மையாக இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்படிக் கேட்பது அநியாயம் என்பவர்கள் பெர்முடாவைப் பார்க்கட்டும். 1973-ல் அத்தீவின் கவர்னர் ஸர் ரிச்சர்ட் ஷார்ப்பிள்ஸ், தம் மாளிகைத் தோட்டத்தில் நாயுடன் உலாவும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த உதவி அதிகாரியும் மாண்டார், நாயும் மாண்டது. பரோஸ் என்பவன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவனோடு தூக்குக்குப் போன டாக்லினோ, கவர்னர் கொலையிலிருந்து ஜூரிகளால் விடுவிக்கப்பட்டு, ஒரு கடையில் நடந்த இரட்டைக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவன். அக்கொலைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இங்கிலாந்தில் கொலைக்குத் தூக்கு 1965-லேயே நிறுத்தப்பட்டு, 1969-ல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்டிருந்தது. பெர்முடாவில் ஸ்மித்தைப் போலக் குறுக்கே நிற்பார் எவருமில்லை; கவர்னர் பிரிட்டனே அனுப்பியவர். கருணை வேண்டி மனுக்கள் சென்றன. வெளிநாட்டு மந்திரி டேவிட் ஓவன், மகாராணி தலையிட வேண்டுமென யோசனை கூற மறுத்துவிட்டார்.

1977 டிசம்பர் 2-ந் தேதி இருவரும் தூக்கிலிடப்பட்டனர். தீவெங்கும் கலகம் மூண்டது. ஒரு ஹோட்டலில் பற்றிய தீயில் மூவர் மாண்டனர். கருணைக்கு வழி காணாத லண்டன், பட்டாளத்தை மட்டும் தாமதமின்றி ஆகாய விமானத்தில் அனுப்பியது.

பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நடந்த கடைசித் தூக்கு அதுவே. 1991-ல் ஐந்து கரீபியத் தீவுக் காலனிகளில், அவை தாமாகச் செய்யாததை லண்டன் தானே ஓர் உத்தரவினால் செய்து, கொலைக்குத் தூக்கை ஒழித்தது. பெர்முடா அந்த ஐந்தில் இல்லை. அங்கே சட்டம் மாறியது 1999-ல்.