ஆலோசகருக்கு எதற்குத் தேர்வு மேற்பார்வை?

ஆசிரியர் அவர்களுக்கு,

டெக்சஸில் பள்ளி ஆலோசகராக வேண்டுமென்றால் 48 கிரெடிட் கொண்ட முதுகலைப் பட்டம் வேண்டும். சான்றிதழ்த் தேர்விலும் தேற வேண்டும். இத்தனையும் முடித்து வருபவருக்கு ஏப்ரல் மாதத்தில் பல பள்ளிகள் கொடுக்கும் வேலை ‘ஸ்டார்’ என்ற மாநிலத் தேர்வை நடத்துவது. எந்தப் பிள்ளை எந்த அறையில், எந்த இருக்கையில் என்று வரைபடம் போட வேண்டும். கண்காணிக்கும் ஆசிரியர்களிடம் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி அடுக்க வேண்டும். தேர்வுக்கு வராதவர்களைத் தேடிப் பிடித்து வேறொரு நாளில் உட்காரவைக்க வேண்டும். மனம் உடைந்து வரும் பிள்ளை தேர்வு முடியும்வரை காத்திருக்கட்டுமா?

ஆலோசகரின் நேரத்தைக் காக்கச் சட்டமே இருக்கிறது. 2021-ல் நிறைவேறிய செனட் மசோதா 179, ஆலோசகரின் வேலை நேரத்தில் குறைந்தது 80 சதவீதம் ஆலோசனைப் பணிக்கே என்கிறது. தேர்வு நடத்த உதவும் நேரம் அந்தக் கணக்கில் சேராது என்றும் தெளிவாகச் சொல்கிறது. மதிப்பெண்களை ஆராய்ந்து விளக்குவதற்கு மட்டும் விலக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் ஆள் பற்றாக்குறை என்று மாவட்டக் கல்வி வாரியம் காரணம் எழுதி வைத்துவிட்டால், அந்தச் சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளலாமாம்!

பற்றாக்குறை பொய்யல்ல. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23-ல் நாட்டின் சராசரி 385. ஆள் குறைவென்றால் இருப்பவரின் நேரத்தை இன்னும் கவனமாக அல்லவா காக்க வேண்டும்? தாமதமாக வந்தவருக்குச் சீட்டில் கையெழுத்திடுவதும், ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் ஆலோசகர் வேலையல்ல என்று அதே சங்கம் பட்டியலே போட்டிருக்கிறது.

பள்ளிகளை மட்டும் குறை சொல்ல முடியாது; நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கல்லூரி நிலைப் பாடமான ஏபி வகுப்பு, மதிப்பெண் சராசரியான ஜிபிஏ, கல்லூரிப் பரிந்துரைக் கடிதம் என்றால்தான் பல தமிழ்ப் பெற்றோருக்கு ஆலோசகர் ஞாபகமே வருகிறது.

2027-28 முதல் ‘ஸ்டார்’ போய், ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள் வரவிருக்கின்றன. இருக்கை வரைபடமும் மூன்று முறையா? அதையும் ஆலோசகர் தலையில்தான் கட்டுவார்களா? தேர்வுப் பணிக்கென்று தனி ஆளை நியமிக்க மாவட்டங்கள் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

அந்தச் சட்டப்படி, ஆலோசகரின் நேரம் பற்றிய மாவட்டக் கொள்கையின் நகல் ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். டெக்சஸில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர், அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டெக்சஸ்