பெக்கோக்: அது வெறுங்காடாக இருந்ததா?

காட்டை அழித்து இந்நாட்டை வளப்படுத்தினோம் என்னும் பெருமிதம் மலேசியத் தமிழர் மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. அதில் உண்மை உண்டு. ஒரு மறதியும் உண்டு. அம்மறதியை உணர, ஜொகூர் மாநிலம் சிகாமாட் மாவட்டத்திலுள்ள பெக்கோக்கிற்கு ஒருமுறை சென்று வரலாம்.

ஒரு காலத்தில் அடர்காடாக இருந்த வட்டாரம் இது. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகளும், 1909இல் நிறைவுற்ற ஜொகூர் தொடர்வண்டிப் பாதையும் இத்தகைய காடுகளைத் தோட்டங்களாக்கின. மரங்களை வீழ்த்திய கைகள் பல இனத்தவருடையவை. பின்னர் அங்குக் களையெடுத்துப் பால்மரம் சீவி, லயத்து வீடுகளில் தலைமுறை வளர்த்தோரில் நம்மவர் பலர். இன்று இவ்வட்டாரத்தில் செம்பனையே மிகுதி.

எஞ்சிய காட்டைக் காண, பெக்கோக் வழியாக எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குச் செல்ல வேண்டும். 1977இல் பகாங் பகுதியில் மரம் வெட்ட இசைவளித்தபோது எழுந்த மக்கள் எதிர்ப்பும், 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய ஆய்வுப் பயணமும் இக்காட்டின் அருமையை உணர்த்தின. 1993இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. எனினும் இங்குத் திரிந்த சுமத்திரா காண்டாமிருகம் 2019இல் மலேசியாவிலிருந்தே அற்றுப்போனது.

செலாய் அருவிகளின் பெயர்களைக் கவனியுங்கள்: தாக்கா திங்கி, தாக்கா பண்டான். ‘தாக்கா’ என்பது பூர்வகுடியினரான ஜக்குன் மக்கள் அருவிக்கு வழங்கும் சொல். நாம் வருமுன்பே இக்காட்டிற்குப் பெயரிட்டு வாழ்ந்தோர் இருந்தனர் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இவ்வாறு சொல்வது நம் பாட்டன் பாட்டியரின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகாது. நிலம் அவர்களுடையதன்று, நிறுவனங்களுடையது. தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது, பட்டா இல்லாத லயத்து வீட்டை விட்டு வெளியேறியவர்களும் அவர்களே. நிலத்தை அறிந்தும் நிலவுரிமை இல்லாதிருந்த நிலையில் ஜக்குன் மக்களும் நம்மவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியும்.

ஆகவே, மாணவரைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள் கேளிக்கைப் பூங்காவிற்கு மாற்றாகப் பெக்கோக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அருவியில் குளிப்பதோடு திரும்பாமல், வழியிலுள்ள செம்பனை வரிசைகளின் முன்னும் பேருந்தை நிறுத்துங்கள். இங்கு முன்பு என்ன இருந்தது, யார் இருந்தனர் என்று மாணவர்களைக் கேளுங்கள். தோட்ட வரலாற்றை அந்த வினாவிலிருந்து தொடங்கினால், நம் பெருமிதமும் நேர்மையுடையதாகும்.