செய்தியை முடித்துவைக்கும் நொதி



வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கும் வீடுகளில் இப்போதெல்லாம் டொனெபெசில் என்ற மாத்திரையின் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. மறதி நோய்க்கு டாக்டர்கள் எழுதித் தருவது. இங்கே பாகான் டாலாமில் அந்த மாத்திரையை விழுங்கும் மூத்தவர்களில் சிலர் இளமையில் தோட்டங்களில் மருந்தடித்தவர்கள். மாத்திரை மூளையில் போய்ச் சேரும் இடமும், அன்று தெளித்த பூச்சிமருந்துகள் பல போய்த் தாக்கிய இடமும் ஒன்றுதான். அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நரம்பும் நரம்பும், நரம்பும் தசையும் பேசிக்கொள்வது வேதிப்பொருள்களால். 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி ஒரு தவளையின் இதய நரம்பைத் தூண்டினார், இதயத்துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு அனுப்பிய செய்தி அந்தத் திரவத்திலேயே இருந்தது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலோடு லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, உடனே முடியவும் வேண்டும். அதற்காகவே இந்த நொதி நரம்பு முனைகளில் காத்திருக்கிறது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டிப் போடுகிறது. இது செயலிழந்தால், விரலை எடுத்த பிறகும் ஓயாமல் அலறும் அழைப்பு மணி போல நரம்புகள் கூவிக்கொண்டே இருக்கும். கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், வியர்வை கொட்டும், வயிற்றைப் புரட்டும், தசைகள் துடிக்கும். கடைசியில் மூச்சுத் தசைகள் களைத்து நின்றுவிடும்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் செய்வது இதைத்தான். பூச்சிக்கும் நமக்கும் இந்த நொதி பொது. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடியபோதுதான் டாபுன் என்ற நரம்பு நஞ்சு பிறந்தது. 1950களில் பிரிட்டனில் ரணஜித் கோஷ் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்துக்காகச் செய்த ஆய்விலிருந்து விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சு வந்தது. 2017 பிப்ரவரி 13 அன்று நம் கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் வட கொரியாவின் கிம் ஜோங் நாமின் முகத்தில் தேய்க்கப்பட்டது அதே விஎக்ஸ். அந்தக் கொலையை உலகமே பேசியது. அதே நொதி நம் தோட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடிபட்டதைப் பேசியவர்கள் மிகச் சிலர்.

செம்பனையில் பைப்புழுவைக் கொல்ல, மரத்தண்டில் துளையிட்டு மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஊற்றுவது இங்கே நடந்த வேலை. இரண்டும் கடும் நஞ்சுகள். தலைசுற்றியது, வாந்தி வந்தது, கண் மங்கியது என்று சொன்னவர்களுக்கு வெயில் மயக்கம் என்பதே பதிலாகக் கிடைத்தது. நொதியை அளக்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

ஆனாலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது நம் பினாங்கிலிருந்துதான். 1982இல் இங்கே கூடிய கூட்டத்தில்தான் பூச்சிமருந்துகளுக்கு எதிரான உலக அமைப்பான பான் தொடங்கியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலாம் சுற்றுச்சூழல் அமைப்பையும் வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ், பிறகு பான் ஆசிய பசிபிக் அமைப்பின் சரோஜினி ரெங்கம், தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் ஆகியோரை நாம் மறக்கக் கூடாது. 2002இல் தெனாகனித்தாவும் பான் ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து தோட்டப் பெண்களின் நஞ்சுப் பாதிப்பை ஆய்வு நூலாகவே வெளியிட்டன. இலங்கை 1995இலேயே மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும் நிறுத்தியது. பூச்சிமருந்து குடித்துச் சாவது மிகுந்திருந்த அந்த நாட்டில், அதன் பின் வந்த ஆண்டுகளில் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. மலேசியா குளோர்பைரிபாஸைத் தடை செய்தது 2023இல்தான். இவ்வளவு தாமதத்துக்கு நியாயமே கிடையாது.

நஞ்சு உடலை விட்டுப் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவும் முடியாது. நிக்கராகுவாவில் இந்த வகை நஞ்சால் மருத்துவமனையில் சேர்ந்த தொழிலாளர்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, கவனத்திலும் நினைவிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். 1991இல் வெளிவந்த ஆய்வு அது. கலிபோர்னியாவில் 1974 முதலே மருந்தடிப்பவர்களின் நொதி அளவைப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. அளவு இறங்கினால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். சிவப்பணுக்களில் குறைந்த நொதி நாளுக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் மீளும். வாரக் கடைசி ஓய்வு எந்த மூலைக்கு?

அப்படியானால் டொனெபெசில்? பயப்பட வேண்டாம். மறதி நோயில் அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களே அழிகின்றன. எஞ்சிய கொஞ்சம் செய்தி இன்னும் சற்று நேரம் நிற்கட்டும் என்று, அதே நொதியை இந்த மாத்திரை மிதமாகத் தடுக்கிறது, விட்டும் விடுகிறது. நஞ்சோ இறுகப் பற்றினால் விடுவதில்லை. டெங்கிக்காகத் தண்ணீர்த் தொட்டியில் போடத் தரும் அபேட்டும் இதே குடும்பம்தான் என்றாலும், சொன்ன அளவில் மனிதருக்கு மிகக் குறைந்த நஞ்சு. அளவை மட்டும் கூட்டாதீர்கள்.

யாருக்காவது பூச்சிமருந்து பட்டுக் கண்மணி சுருங்கி எச்சில் வழிந்தால், நனைந்த துணியைக் களைந்து, கையுறை போட்டு உடம்பைக் கழுவி, மருந்துப் புட்டியின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்தான அட்ரோபின் அங்கே இருக்கும். ஊமத்தையிலும் அது இருக்கிறது என்று வீட்டில் அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதுவே உயிரை வாங்கும். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது; டாக்டர்கள் அங்கே கேட்டுத் தெளிவார்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் அம்மாவோ அப்பாவோ தோட்டத்தில் மருந்தடித்தவர்கள் என்றால், எத்தனை வருடம், எந்த மருந்து என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்