எச்.எம்.டி. என்பது கைக்கடிகாரம் மட்டுமன்று

தொண்ணூறுகளின் கல்லூரி வாழ்வைப் பற்றிய நினைவுப் பதிவுகளுக்கு இப்போது ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. ஸ்லாம் புத்தகம், வாக்மேன், வாழ்த்து அட்டைக் கடை, இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்த வரிசை, புதிதாய் வந்த கேபிள் தொலைக்காட்சி: பட்டியல் ஏறத்தாழ இதுதான். இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் இவை அனைத்தும் பொருள்கள். ஒரு காலத்தைப் பொருள்களால் மட்டும் நினைவுகூரும்போது, அக்காலத்தில் யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்பது மறைந்துபோகிறது. அப்போது தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் புழங்கிய இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டாலே போதும். நினைவேக்கத்தின் இனிப்பு சற்றுக் குறைந்துவிடும்.

முதற்சொல் 'எச்.எம்.டி.'. 1961 முதல் கைக்கடிகாரம் செய்த அரசு நிறுவனத்தின் பெயர் அது. தேர்வில் தேறிய பிள்ளைக்கும் மணக்கோலத்தில் நின்ற மாப்பிள்ளைக்கும் அக்கடிகாரத்தை அணிவித்து மகிழ்ந்த தலைமுறை ஒன்று நாடெங்கும் இருந்தது. ஓசூரில் தயாரான டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் தொண்ணூறுகளில் சந்தையைப் பிடித்தபோது எச்.எம்.டி. பழையதாயிற்று. வளாகத்துக் கேலி அவ்வெழுத்துகளை 'இந்தி மீடியம் டைப்' என்று விரித்தது. இந்திவழி படித்தவர், சிற்றூர்க்காரர், காலத்துக்கு ஒவ்வாதவர் ஆகிய மூன்று பொருள்களையும் மூன்றெழுத்தில் அடக்கிக்கொண்டது அச்சொல்.

அது சுட்டியவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் சிறு நகரங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். பீகார்ப் பல்கலைக்கழகங்களில் தேர்வுகள் தள்ளிப்போய், மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாண்டு வரை இழுத்த காலம் அது. இயன்ற பெற்றோரும் இயலாத பெற்றோரும் பிள்ளைகளைத் தில்லிக்கு அனுப்பினர். விடைத்தாளை இந்தியில் எழுதப் பல்கலைக்கழகம் அனுமதித்தது. ஆனால் பெயர்பெற்ற கல்லூரிகளில் விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தது. படிக்கச் சொன்ன நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. இந்திவழி மாணவருக்குத் துணை நின்றது 'குஞ்சி' எனப்படும் மலிவு விலை வினா விடை நூல். அனுமதி ஒரு மொழியில், அறிவு வேறொரு மொழியில் என்ற இந்த இடைவெளியில் பிறந்ததே அந்தக் கேலி.

தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்கும். தெற்கே ஆதிக்க மொழி என்று எதிர்க்கப்பட்ட இந்தியின் சொந்தப் பிள்ளைகள், இந்தி பேசும் தலைநகரிலேயே தம் மொழிக்காகக் கூச்சப்பட்டனர். தமிழகக் கல்லூரிகளில் 'பீட்டர் விடுகிறான்' என்ற கேலி ஆங்கிலம் பேசிக் காட்டியவரை நோக்கிப் பாய்ந்தது. தமிழ்வழி மாணவர் அங்கே அல்லற்படவில்லை என்று இதற்குப் பொருளன்று. திருப்பிச் சிரிக்க அவரிடம் ஒரு சொல்லாவது இருந்தது. தில்லியில் சிரிப்பு ஒரு திசையிலேயே சென்றது.

இரண்டாம் சொல் 'பெஹன்ஜி'. அக்கா, தங்கை என்னும் உறவுச்சொல்லோடு மரியாதை விகுதி சேர்ந்தது அது. எண்ணெய் தடவிப் பின்னிய சடையோடும் சல்வார் கமீசோடும் வந்து, ஆங்கிலத்தில் தயங்கிப் பேசிய பெண்ணை வளாகம் அப்படி அழைத்தது. அவளே பின்னர் ஜீன்ஸ் அணிந்து வந்தால் 'பெஹன்ஜி டர்ன்டு மாட்' என்று மற்றொரு பெயர் காத்திருந்தது. மாறாமல் இருந்தால் ஒரு கேலி, மாறினால் மற்றொரு கேலி. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தமிழில் தாழ்ந்ததுபோல், சொல்லின் பொருள் தாழ்வதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். ஆனால் இங்கே சொல் எல்லோரிடத்தும் தாழவில்லை. 1995 ஜூனில் மாயாவதி உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சரானார். நாட்டிலேயே அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். அவருடைய தொண்டர்கள் அவரைப் பெருமிதத்தோடு அழைத்த பெயரும் 'பெஹன்ஜி'தான். லக்னோவில் மரியாதையாய் ஒலித்த சொல் தில்லிக் கல்லூரி முற்றத்தில் ஏளனமாய் ஒலித்தது. சொல்லின் விலையை அகராதி தீர்மானிப்பதில்லை, சொல்பவரின் இடம் தீர்மானிக்கிறது.

இவற்றை வெறும் இளமைக் குறும்பு என்று தள்ளிவிடுவோர் உண்டு. கேலிக்கு ஆளானவர்களே அச்சொற்களைச் சொல்லிச் சிரித்தார்கள் என்றும் அவர்கள் கூறுவர். சிரித்தார்கள் என்பது மெய். ஆனால் அந்தப் பத்தாண்டு எப்படித் தொடங்கியது என்பதை மறந்துவிட்டுச் சிரிப்பை எடைபோட முடியாது. 1990 ஆகஸ்ட் 7 அன்று, பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணிகளில் 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை வி.பி.சிங் அறிவித்தார். தில்லி மாணவர்கள் தெருவில் இறங்கினர். 'தகுதி இருந்தும் இனி எங்களுக்கு இந்த வேலைதான்' என்று காட்டுவதற்காகச் சிலர் காலணிகளைத் துடைத்தனர். சிலர் சாலையைக் கூட்டினர். அத்தொழில்களைத் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவந்தவரின் பிள்ளை அதே வளாகத்தில் படிக்கக்கூடும் என்ற எண்ணம் அந்த நாடகத்தில் இல்லை. முழக்கம் ஓய்ந்தபின் அதே மனநிலை மென்மையான சொற்களுக்குள் குடிபுகுந்தது. சாதியைச் சொல்லிக் கேட்க நாணியவர் பயிற்றுமொழியைக் கேட்டார், உச்சரிப்பைக் கவனித்தார். 'தகுதி' என்னும் சொல்லுக்குள் பாதி ஆங்கிலமே இருந்தது.

அதே நகரத்தின் மற்றொரு வளாகம் வேறு வழியையும் காட்டியது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வரும் மாணவருக்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வழங்கிய முறையை 1983இல் கைவிட்டிருந்தது. மாணவர் போராட்டத்துக்குப்பின் 1994இல் அது திரும்ப வந்தது. சிற்றூரிலிருந்து வருதல் ஒரு குறையன்று, கணக்கில் கொள்ளவேண்டிய ஓர் உண்மை என்பதே அம்முறையின் பொருள். அங்கும் மேடுபள்ளங்கள் இருந்தன. ஆயினும் ஒரு நிறுவனம் மாணவரின் பின்புலத்தை மதிப்பெண்ணாய் எண்ணுவதற்கும், அப்பின்புலம் கேலிப்பெயராவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் மத்திய உயர்கல்வி நிறுவனங்களின் வகுப்பறைகள் மாறிவிட்டன. எச்.எம்.டி. கடிகாரமும் வழக்கொழிந்தது. ஆனால் அச்சொற்கள் செய்த வேலை ஓயவில்லை. இன்று இணையத்தில் ஏழை இளைஞரின் தலைமுடியையும் உடையையும் பழிக்க 'சப்ரி' என்ற சொல் ஓடுகிறது; கூரை வேய்ந்து பிழைத்த சமூகத்தின் பெயரோடு தொடர்புடையதாய்ச் சொல்லப்படும் சொல் அது. தொண்ணூறுகளின் ஸ்லாம் புத்தகத்தைப் பகிரும் அதே கைகள் இதையும் பகிர்கின்றன. பழைய வளாகத்தை நினைப்பதில் தவறில்லை. எஸ்.டி.டி. பூத்தின் வரிசையை நினைக்கும்போது, தன் உச்சரிப்பைப் பின்னால் நிற்பவர் கேட்டுவிடுவாரோ என்று குரலைத் தாழ்த்தி ஊருக்குப் பேசியவரும் அவ்வரிசையில் நின்றிருப்பார் என்பதையும் நினைப்பதே முறை.